கோல்பி திட்டிய திட்டு

தொலைக்காட்சித் திரையில் கோல்பி ரென்ஃப்ரோ ஒரு கையை ஓங்கி, வாயை அகலத் திறந்து திட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் பந்தின் மேல் குனிந்திருந்தவன் ஓடெல். மெர்ல் ஸ்டப்ஸ் படத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ரிமோட்டால் திரையைத் தட்டிக் காட்டினார்.

"கூட ஆடுறவனையே அடிக்கக் கை ஓங்குறான் பாருங்க. இவன்கிட்டயா நம்ம பசங்களை விடப்போறோம்?"

கால்டர்வில் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளர் தேவைப்பட்டது. முன்பு அந்த அணியில் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக் கோல்பி விண்ணப்பித்திருந்தான். வேலை கொடுப்பது என்னவோ பள்ளி நிர்வாகம்தான். ஆனால் ரசிகர் மன்றம் முகம் சுளித்தால், டெக்சாஸில் எந்த நிர்வாகமும் அந்த ஆளை ஏறெடுத்தும் பார்க்காது.

ஞாயிறு மதியம், மன்றத் தலைவர் மெர்ல் ஸ்டப்ஸின் வீட்டுக் கூடத்தில், புகையில் வாட்டிய மாட்டிறைச்சியும் ஐஸ் டீயுமாக மன்றம் கூடியிருந்தது. முடிவை ஓடெலிடம் விட்டிருந்தார்கள். திட்டு வாங்கியவன் அவன்தானே.

ஓடெல் தட்டிலிருந்த இறைச்சியைக் கிளறிக்கொண்டிருந்தான். அவனுக்கும் கோல்பிக்கும், ஒருவர் வீட்டுச் சமையலறையில் மற்றவர் உரிமையோடு பேன்கேக் சுட்டுத் தின்ற சிநேகம் அது. படத்தில் இருக்கும் அந்த மாநில இறுதிப்போட்டிக்குப் பிறகு, இத்தனை வருடங்களில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட இல்லை. அவனுக்குக் கோல்பி வேண்டும். ஆனால் திரையில் இருக்கும் அந்த வாயை அவனால் மறக்க முடியவில்லை.

பள்ளி உணவுக்கூடத்து லொரெட்டா மட்டும் கோல்பிக்காகப் பேசினாள். பெரியவர்களை அவன் ஒரு நாளும் மரியாதை இல்லாமல் பேசியதில்லையாம். எல்லோருடைய தட்டுகளையும் அவனே எடுத்து வைப்பானாம்.

"தட்டு எடுக்கிறதுக்கா ஆள் தேடுறோம், லொரெட்டா?" என்றார் மெர்ல். கூடம் சிரித்தது.

தோற்றதுகூடப் பெரிதில்லை, யாரிடம் தோற்றார்கள் என்பதுதான் ஊருக்கு ஆறவில்லை. பைன் க்ரீக் பள்ளியில் அணி சேர்க்கவே ஆள் போதாது. அவர்களிடம் போய், கடைசி நிமிடத்தில், எல்லைக்கோட்டைத் தொட இரண்டு கஜம் இருக்கும்போது!

திட்டப்படி பந்து வலப்பக்கம் போக வேண்டும். எதிரணி மொத்தமும் வலப்பக்கம் திரண்டு நின்றதைக் கோல்பி பார்த்தான். இடப்பக்கம் என்று மாற்றினான். அதில் தப்பில்லை, குவார்ட்டர்பேக்கின் வேலையே அதுதான். ஆனால் மாற்றியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முன்வரிசையில் குனிந்திருப்பவர்களால் அவனைப் பார்க்க முடியாது, குரலைக் கேட்டுத்தான் எதிராளிகளை எந்தப் பக்கம் முட்டித் தள்ளுவது என்று தெரிந்துகொள்வார்கள். அதற்காகத்தான் சொந்த அணியிடம் பந்து இருக்கும்போது கேலரி அடங்கி உட்கார்ந்திருக்கும்.

ஓடெல் வலப்பக்கம் முட்டினான். கோல்பி இடப்பக்கம் தனியாக ஓடி, நான்கு பேருக்கு அடியில் புதைந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லலையே அவன்," என்று முனகினான் ஓடெல்.

"தலைக்கனம் தம்பி. நினைச்சா மாத்துவான், சொல்ல மாட்டான். மேல உன்னையே திட்டுவான்," என்றார் மெர்ல். மறுநாள் பத்திரிகைக்காரர் கேட்டபோது, தப்பு முழுக்கத் தன்னுடையதுதான் என்று கோல்பியே ஒத்துக்கொண்டதையும் நினைவுபடுத்தினார்.

அதுவரை ஓர் ஓரமாக இருந்த ஓடெலின் மனைவி ஜெனல் கையை உயர்த்தினாள். அவள் வெளியூர்க்காரி, போன வருடம்தான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். சிறு வயதிலேயே காது கேட்காமல் போனதால், உதடுகளைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள்.

"இந்தப் படத்தை எடுத்தது யாரு?"

மெர்ல் அவள் பக்கம் திரும்பி, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னார். "நான்தாம்மா. முதல் வரிசையில நின்னு எடுத்தேன். ஒரு கையில கேமரா, வாயில கோல்பி, கோல்பின்னு ஒரே கோஷம். கேலரியையே எழுப்பி விட்டேன். ஒரு வாரம் எனக்குத் தொண்டையே இல்லை. அவ்வளவு செஞ்சும் தோத்துட்டான் பாரு."

அது உண்மைதான் என்றாள் லொரெட்டா. படத்தில் மெர்லின் குரலைத் தவிர வேறு ஒன்றும் கேட்காது என்பதால்தான் ஒலியை அணைத்து வைத்திருக்கிறார்களாம்.

ஜெனல் படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னாள். திரைக்கு அருகில் போய் நின்று பார்த்தாள். தலைக்கவசத்தின் கம்பிகளுக்கு நடுவே கோல்பியின் உதடுகள் அசைந்தன. இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள். பிறகு அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"என்னம்மா, ரொம்பக் கெட்ட வார்த்தையா?" மெர்லின் குரலில் ஆவல் தாங்கவில்லை. "கூசாம சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

ஓடெல் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரே வந்து நின்றான். இந்த ஒரு திட்டைத் தெரிந்துகொண்டால் கோல்பியை ஒரேயடியாகத் தலைமுழுகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

"சொல்லு ஜெனல். நான் தாங்கிக்குவேன். என்னை என்ன சொல்றான்?"

ஜெனல் கணவனைப் பார்த்தாள். பிறகு, மன்றத் தலைவரைப் பார்த்துச் சொன்னாள்.

"'மிஸ்டர் ஸ்டப்ஸ், ப்ளீஸ், கொஞ்சம் கத்தாம இருங்க'ன்னு கெஞ்சுறார்."