பாதிப் பாட்டு

"அண்ணி, பாதிப் பாட்டை வச்சுக்கிட்டு மேடையில என்ன பண்றது? இதை விட்டுடலாமே," என்றார் டிரம்மர், குச்சிகளை மடியில் வைத்தபடி.

"அவர் கடைசியாப் பாடினது அதுதான் தம்பி. அது இல்லாம என்ன அஞ்சலி?" என்றாள் பாடகரின் மனைவி.

ரசிகர்கள் 'சூறாவளி' என்று கொண்டாடிய ராக் பாடகர் மாரடைப்பில் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் பாட்டுகளை மட்டுமே பாடும் அஞ்சலிக் கச்சேரி அன்று மாலை. ஏற்பாடெல்லாம் அவர் மனைவிதான். அரங்கத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மற்ற பாட்டுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பார்கள். இந்த ஒன்றுதான் முரண்டு பிடித்தது. பாடகரின் போனில் கிடைத்த பதிவு; பல்லவி முடிந்து, சரணத்தின் முதல் வரியோடு நின்றுபோயிருந்தது.

"ஒரு மெட்டு தோணினா மொதல்ல எனக்குத்தான் போன் பண்ணுவான். இதை மட்டும் மூச்சு விடல," என்றார் டிரம்மர்.

"எனக்கும்தான் பாடிக் காட்டலை," என்றாள் பாடகரின் மனைவி.

"அடுத்த வரி நான் எழுதிட்டேன், கேளுங்க," என்று கீபோர்டுக்காரர் பாடிக் காட்டினார்.

"அவன் கேட்டா எந்திரிச்சு வந்து உன்னை அடிப்பான்," என்றார் டிரம்மர்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு டிரம்மரின் மனைவி வந்தாள். கையில் கணவரின் கறுப்புச் சட்டை.

"பட்டன் பிஞ்சிருக்கு. தச்சுக் குடுத்துட்டுக் கிளம்பறேன்."

"எங்க கிளம்பறே? எல்லா வீட்லேருந்தும் வந்தே ஆகணும்னு தனித்தனியா போன் பண்ணினேனே," என்றாள் பாடகரின் மனைவி.

"எனக்கும் இந்தச் சத்தத்துக்கும் ஆகாதுக்கா. தலைவலி வந்துடும்."

"இவளுக்கு டிரம்மும் ஒண்ணுதான், மிக்ஸியும் ஒண்ணுதான் அண்ணி," என்றார் டிரம்மர். "கல்யாணமான நாள்லேருந்து ஒரு கச்சேரிக்கு வந்ததில்ல."

"பரவாயில்ல, என் பக்கத்துல உக்காரட்டும். நீங்க முதல்லேருந்து வாசிங்க."

டிரம்மரின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். பல்லவி முடிந்தது. டிரம்மர் அடியைத் தணித்துக்கொண்டார். கீபோர்டுக்காரர் சரணத்தைத் தொட்டார்.

"ஊரே என் பேரைக் கத்துது..."

பதிவு நின்ற இடம் வந்தது. அவரும் நின்றார். தன் வரியைப் பாடலாமா வேண்டாமா என்று தலையைச் சொறிந்தார்.

"நீ மட்டும் மெல்லக் கூப்பிடு..."

குரல் முன்வரிசையிலிருந்து வந்தது. டிரம்மரின் மனைவி குனிந்த தலை நிமிராமல், பட்டனில் ஊசியைக் குத்தி எடுத்தபடி அடுத்த வரிக்குப் போனாள். அதற்கடுத்த வரிக்கும் போனாள். மெட்டு சூறாவளிக்கே உரிய வளைவோடு இறங்கி, பிசிறில்லாமல் பல்லவியில் வந்து சேர்ந்தது. நூலைப் பல்லால் கடிக்க நிமிர்ந்தபோதுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தாள்.

இவளுக்கு இவ்வளவு நல்ல குரலா என்றுதான் டிரம்மருக்கு முதலில் தோன்றியது. அடுத்த நொடி குச்சிகளைக் கீழே வைத்தார்.

"உனக்கு... இது எப்படித் தெரியும்?"

அவள் சட்டென்று எழுந்தாள். மடியிலிருந்து சட்டை நழுவித் தரையில் விழுந்தது.

பாடகரின் மனைவி மட்டும் பதறவில்லை. கைப்பையிலிருந்து கணவரின் போனை எடுத்தாள்.

"பாட்டைப் பாதியில வெட்டினது நான்தான் தம்பி. முழுசும் இதுல இருக்கு. முடியறப்ப ஒரு பொண்ணு சிரிக்கிற சத்தம் கேக்கும்," என்றாள். "அது யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்தக் கச்சேரியே வச்சேன்."