கண் துடிப்பு நின்ற காலை

கடைசி வாய் இட்லியோடு மருந்து உருண்டையையும் சேர்த்து வாயில் போட்டாள் கலாமணி.

கசப்பு லேசாக எட்டிப் பார்த்தது. அதற்குள் நாட்டுச்சர்க்கரை அதை அமுக்கிவிட்டது.

விழுங்கிவிட்டு வயிற்றின்மேல் கைவைத்துக் காத்திருந்தாள்.

வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாடா என்றிருந்தது.

இந்த மெக்னீசியம் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் மாத்திரையாகப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்க, சத்துணவுக் கரண்டியை ஆயாவிடம் கொடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. டாக்டரம்மா பொடியாக மாற்றி எழுதினார். தண்ணீரில் கரைத்தால் சுண்ணாம்பு. மோரில் கரைத்தால் மோரும் சுண்ணாம்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தால் போன வேகத்தில் திரும்பி வந்தது.

தொலைகிறது என்று விட்டுவிடலாம் என்றால், கண் விடவில்லை.

இடது கண். கீழிமை மாதக்கணக்காகத் துடித்துக்கொண்டே இருந்தது. அவள் கண்ணடித்ததாக நினைத்து டவுன் பஸ் கண்டக்டர் மறுநாள் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். பாவம்.

ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சத்துக் குறைவு என்றார் டாக்டரம்மா. வால்பாறையில் இருக்கும் அவள் கணவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது நடக்குமாம்.

நல்லது என்றால் ஒன்றே ஒன்றுதான். அவருக்குக் காங்கயத்துக்கு மாற்றல்.

மூன்று வருடமாக அவர் வால்பாறையில், இவள் காங்கயத்தில். போய் மேலதிகாரியைப் பார்த்துக் கேளுங்கள் என்றால், தேர்தல் முடியட்டும் என்றார். பிறகு, இந்த அதிகாரி மாறட்டும் என்றார். அவள் கண் துடிக்க ஆரம்பித்த பிறகு சாக்குச் சொல்லும் வேலையும் அவருக்கு மிச்சமாகிவிட்டது. உன் கண் துடிக்கிறதே, ஆர்டர் தானாக வரும் என்று உட்கார்ந்துவிட்டார்.

இத்தனைக்கும் மாட்டு ஆஸ்பத்திரியில் ஆய்வாளர். மாட்டுக்குச் சதை துடித்தால் தாது உப்பு கொடுக்கச் சொல்கிற மனுஷன், மனைவிக்குக் கண் துடித்தால் சகுனம் என்கிறார். இவரை என்ன செய்வது?

கேட்கக் கூச்சம். அதுதான் விஷயம். கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி ரசம் கேட்கக்கூட அவருக்கு வாய் வராது.

ஆனால், வழி அவர் வாயிலிருந்துதான் வந்தது.

போன மாதம் போனில் ஓர் எருமையின் கதையைச் சொன்னார். "உப்பு டப்பாவப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குது. நாட்டுச்சக்கரையும் புண்ணாக்கும் சேத்து உருட்டிக் குடுக்கச் சொன்னேன். இப்ப டப்பாவத் தேடிக்கிட்டு வருது."

தாது உப்புக்குப் பதிலாக மெக்னீசியம் பொடி, புண்ணாக்குக்குப் பதிலாகப் பொட்டுக்கடலை மாவு. மற்றதெல்லாம் எருமைக்குச் சொன்னதுதான். டாக்டரம்மாவிடம் கேட்டாள். அளவு மட்டும் கூடக்கூடாது, சாப்பாட்டோடு சேர்த்துக்கொள் என்று சிரித்தார்.

இன்று காலை எழுந்தபோது கண் அடங்கியிருந்தது.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நின்றுவிட்டது என்றால் மனுஷன் இடிந்துபோவார். துடிக்கிறது என்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

போன் அடித்தது.

"துடிக்குதா, கலாமணி?"

தினமும் இதுதான் முதல் கேள்வி. சாப்பிட்டாயா என்பதெல்லாம் அப்புறம்தான்.

சாப்பிட்ட கை காய்ந்துகொண்டிருந்தது. பொய் சொல்ல வாய் திறந்தாள்.

"நின்னு போச்சுங்க."

மறுமுனையில் தகரக் கூரைமேல் மழை பெய்வது கேட்டது.

"அப்ப..." என்றார். "நாந்தான் போய்க் கேக்கோணுமா?"

"ஆமாங்க."

"என்னன்னு கேக்கறது?"

அதற்குத்தான் மூன்று வருடமா? கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

கையைத் தட்டிலேயே கழுவினாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலைக் கனமாக்கிக்கொண்டாள்.

"நாந்தான் ஆபீசர். சொல்லுங்க, என்ன விசயம்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் நின்றது.

"ஐயா, வணக்கமுங்க."

"ம்."

எத்தனை வருட சர்வீஸ் என்றார். மலையில் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான," என்றாள் அதிகாரி. "உங்களுக்கு என்ன வேணும்?"

மழைதான் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"ஐயா, எனக்கு ஊட்டுக்குப் போகோணுமுங்க." இந்த முறை அவர் நிறுத்தவில்லை. "எம் பொண்டாட்டி அங்க ஒருத்தியாவே உக்காந்து சாப்புடறா. நானும் இங்க ஒருத்தனாவே சாப்புடறனுங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இவ்வளவு நன்றாகக் கேட்கத் தெரிந்த மனுஷனா இவர்!

அதிகாரி ஏதாவது சொல்லியாக வேண்டும். அவளோ போனில் தெரியாது என்பதையும் மறந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, விடுவதாக இல்லை என்பதுபோல, இன்னும் கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்.

"ஐயா?"