வடக்குப் பக்கத்து ஜன்னல்

"அடைச்சிருங்க தம்பி. இந்த ஜன்னலே வேணாம். முழுச் சுவரா எழுப்பிருங்க" என்றார் பெரியவர், நாற்காலியில் சாய்ந்தபடி.

ஆர்க்கிடெக்ட் கையிலிருந்த வரைபடத்தை அவசரமாக விரித்தார்.

மாடி ஹாலின் வடக்குப் பக்கம், பன்னிரண்டு அடி அகலத்துக்கு வானம் திறந்து கிடந்தது. சட்டமும் கண்ணாடியும் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு வெறும் ஓட்டை. ஆனால் அந்த ஓட்டைக்காகத்தான் அவர் இந்த வேலைக்கே ஒப்புக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் சேர்ந்தபோது நகரத்தையே இடித்துவிட்டுப் புதிதாக வரையப்போவதாகச் சொன்னவர். பதினாறு வருடத் தொழிலில் வரைந்ததில் முக்கால்வாசி அடுக்குமாடிக் கழிப்பறைகள். வாஷ்பேசின், கமோடு, ஷவர் மூன்றையும் ஒன்றோடொன்று முட்டாமல் நாலடிக்கு ஆறடியில் அடக்கிவிடுவார். நண்பர்கள் 'கக்கூஸ் கலைஞர்' என்று பட்டமே கொடுத்திருந்தார்கள். "இது எங்கப்பா செஞ்சது" என்று மகள் யாரிடமாவது காட்டுவதற்கு ஏதாவது ஒன்று மிஞ்சும் என்றால், அது இந்த ஜன்னல்தான். கழிப்பறையை எப்படிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள்?

"ஐயா, இது வடக்கு. வெயில் வராது, வெளிச்சம் மட்டும் வரும். இதுக்காகவே ஹாலை இந்தப் பக்கம் திருப்பினேன்."

"கொசுவும் வரும். பன்னெண்டடி கண்ணாடிய யாரு தொடைக்கிறது? வாரா வாரம் நீங்க வருவீங்களா?"

கரண்டியும் கையுமாக நின்ற மேஸ்திரி சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"பால்கனிய எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். மாடி உயரத்துல ரெண்டடி கொறைக்கச் சொன்னீங்க, கொறச்சேன். மொட்டமாடிப் படிய அந்தப் பக்கம் திருப்பச் சொன்னீங்க, திருப்பியாச்சு. இது ஒண்ணையாவது விட்டுடுங்கய்யா."

"மூணும் நல்லபடியாத்தானே முடிஞ்சுது?"

முடிந்திருந்தது. திட்டு வாங்கியவன் மூலையில் குந்தியிருப்பது போல அந்த வீடு உட்கார்ந்திருந்தது.

எதிர்த்துப் பேசலாம்தான். ஆனால் பணம் போடுவது மகன், தீர்ப்புச் சொல்வது அப்பா. பதினாறு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட கட்டடக்கலை அவ்வளவுதான். முன்பு ஓரிடத்தில் மகன் பக்கம் நியாயம் பேசப்போய், பாதிச் சுவரோடு வேலை கைவிட்டுப் போனது. சூடு கண்ட பூனை.

"வெளிநாட்டுலேருந்து சார் போன் பண்ணினார். ஜன்னல் என்னாச்சுன்னு கேட்டார். வேல நடக்குதுன்னு மழுப்பி வெச்சிருக்கேன். நீங்களே அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா..."

"அவன்கிட்ட நான் பேசி ஆறு வருஷமாச்சு தம்பி. எனக்கும் அவனுக்கும் ஆகாது." பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவன் வருஷத்துக்குப் பத்து நாள் வருவான், போவான். தினம் எழுந்து இந்தச் சுவத்துல முழிக்கப் போறது யாரு? நான்தானே?"

வரைவதில் எப்படியோ, ஆட்களைப் படிப்பதில் தான் கெட்டிக்காரர் என்று ஆர்க்கிடெக்டுக்கு ஒரு நினைப்பு உண்டு. ஆறு வருடம் பேசாத வீடு. வீம்பு பிடித்த கிழவர். நடுவில் நுழைந்தால் தன் தலைதான் உருளும்.

பேரத்தில் இறங்கினார்.

"ஆறடி?"

"ம்ஹூம்."

"மூணடி வெச்சுக்கலாம்யா. மேல தூக்கி."

"தம்பி."

"ஒரு வெண்டிலேட்டர்?"

பெரியவர் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

"சரிங்கய்யா" என்றார் ஆர்க்கிடெக்ட். மேஸ்திரி பக்கம் திரும்பினார். "அடைச்சிருங்க."

முதல் வரிசைச் செங்கல் ஏறுவதைப் பார்க்கப் பிடிக்காமல் கீழே இறங்கிப் போனார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லலாம் என நினைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினார் வீட்டுக்காரர். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மாடி ஏறினார். பூசி முடித்து வழவழவென்று நின்ற சுவரின் முன்னால் அசையாமல் நின்றார்.

"சார், ஜன்னல் எங்க? அந்த ஒரு ஜன்னலப் பாத்துத்தானே உங்ககிட்ட வேலையக் குடுத்தேன்?"

தன் ஜன்னலுக்கு ஆசைப்பட்ட ஒரே மனிதர் எதிரே நிற்கிறார். ஆனாலும் ஆர்க்கிடெக்ட் வாழ்க்கையில் முதல்முறையாக நிமிர்ந்து பேசினார்.

"கோவப்படாதீங்க சார். உங்களுக்குள்ள ஆயிரம் மனஸ்தாபம் இருக்கலாம். அதுக்காகப் பெத்த அப்பா மனசு நோகலாமா? அவர் சொல்லித்தான் அடைச்சேன்."

"எந்த அப்பா?"

"தினம் இங்க வந்து உக்காந்திருப்பாரே சார், அவர்தான்."

வீட்டுக்காரர் பால்கனிக் கதவுக்காக முன்பு விட்டிருந்து, பால்கனி போனபின் பாதி அடைத்த இடைவெளியில் தலையை நீட்டினார். வடக்கு வீட்டு மொட்டைமாடியில் பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புதுச் சுவரை ஆற அமர ரசித்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா தவறிப் பதினோரு வருஷமாச்சு சார். அவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் பக்கமாப் பாத்து நாங்க ஒரு ஜன்னல்கூட வெக்கக் கூடாதுன்னு கேஸ் போட்டுத் தோத்தவர்."

ஆர்க்கிடெக்ட் மெல்ல, பின்னால் நின்ற மேஸ்திரியிடம் திரும்பினார். "நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "பக்கத்து வீட்டுக்காரர்னு தெரியும் சார். ஆனா நீங்க அடங்கிப் போனதப் பாத்து, உங்க மாமனாராக்கும்னு நெனச்சுட்டேன்."