பெட்டிக்குத் தெரிந்த முகங்கள்

வள்ளத்தை விற்றுத்தான் றொபேட் அந்தக் கடலட்டைப் பண்ணையைப் போட்டான். நாரந்தனைக் கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில், சுற்றிவர வலை அடைத்த பண்ணை. கோயில் திருநாள் முடிய, அட்டையை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கொம்பனி வருவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் களவு தொடங்கியது.

அதுவும் கோயிலில் திருநாளுக்கு முந்தின ஒன்பது நாளும் நவநாள் செபம் நடக்கிற பின்னேரங்களில். அட்டை மண்ணை விட்டு வெளிக்கிடுகிற நேரமும் அதுதான், றொபேட் செபத்துக்குப் போகிற நேரமும் அதுதான்.

"இப்பிடியே போனால் பண்ணையும் இல்லை, வள்ளமும் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்" என்று மனைவி மேர்சி அழுதாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பொறியியலாளர் சுமித்திரா வந்து, கரையில் கம்பம் நட்டு, ஒரு கமராவும் சின்னப் பெட்டியும் பூட்டினார்.

"இது கொழும்பைக் கேட்டு முடிவெடுக்கிற சாமான் இல்லை அண்ணை. சிக்னல் இல்லாட்டியும் பெட்டி இங்கயே வைச்சு யோசிக்கும். தெரியாத முகம் கிட்ட வந்தால் சைரன் அடிக்கும். வேலை செய்யிற ஆக்களின்ர முகத்தை மட்டும் பதிஞ்சு விடுங்கோ."

றொபேட் தன் முகத்தையும் மேர்சியின் முகத்தையும் பதிந்தான். அடுத்த நாள் விடிய முதல் ஆளாகப் பக்கத்து வீட்டு ஜசிந்தா அக்கா வந்து நின்றார்.

"என்னைக் கண்டால் சத்தம் போடுமாமே? என்னைக் கள்ளி எண்டோ நினைக்கிறாய்?"

"ஐயோ, இல்லையக்கா!" பதிந்தான்.

அக்காவைப் பதிந்தால் அவருடைய புருசனை விடலாமா? அவரையும் பதிந்தான். மேர்சியின் தம்பி றஜீபன் மூன்று நாள் கதைக்காமல் திரிந்தான், அவனையும் பதிந்தான். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் ஜெகதீஸ் சீப்பால் தலை இழுத்து, பவுடர் பூசிக்கொண்டு வந்தார். பிறகென்ன, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிற மாதிரிக் கரையில் வரிசை. ஊரில் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! ஊர் முழுக்க நல்ல ஆக்கள் என்று பெட்டியும் நம்பிக்கொண்டது.

வராதவர் பஸ்ரியாம்பிள்ளை ஒருவர்தான்.

"நான் கள்ளன் இல்லையெண்டு ஒரு மிசினிட்டப் போய்ச் சொல்லவேணுமோ? ஏலாது, போம்!"

மனிசன் நவநாளுக்கும் வருவதில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பெட்டி வாயே திறக்கவில்லை. அட்டையோ குறைந்துகொண்டே போனது.

"துவாயால முகத்தை மூடிக்கொண்டு வாறார் போல. பெட்டி என்ன செய்யும், பாவம்" என்றான் றஜீபன். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். றொபேட்டும் ஆட்டினான்.

கடைசி நவநாள். மன்றாட்டு நடந்துகொண்டிருக்கையில் சைரன் அலறியது.

செபமாலையும் கையுமாக றொபேட் விழுந்தடித்து ஓடினான். அவனுக்கு முன்னமே அங்கே ஊர் கூடிவிட்டது. றஜீபன், ஜெகதீஸ், ஜசிந்தா அக்காவின் புருசன், இன்னும் ஏழெட்டுப் பேர். பஸ்ரியாம்பிள்ளையைக் கம்பத்தோடு சேர்த்து அமத்திப் பிடித்திருந்தார்கள்.

றொபேட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஆபத்து என்றால் எத்தனை பேர் ஓடி வருகிறார்கள்!

"சத்தம் கேட்ட உடன வந்திட்டம்" என்றார் ஜெகதீஸ், மூச்சு வாங்கியபடி.

"தம்பி, உம்மட பண்ணைக்குள்ள ஆக்கள் நிண்டவை. ஆரெண்டு பாக்கத்தான் வந்தனான்..." என்று தொடங்கினார் பஸ்ரியாம்பிள்ளை.

"வாயை மூடுங்கோ!" றஜீபன் அவர் கழுத்தைப் பிடித்தான்.

"என்ர வள்ளத்தையெல்லோ திண்டிட்டீங்கள் அண்ணை!" என்று றொபேட் கையை ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை.

பஸ்ரியாம்பிள்ளை உடுத்திருந்த சாரம் ஒரு சொட்டும் நனையாமல் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. பிடித்து வைத்திருந்த அத்தனை பேரும் இடுப்பு வரை நனைந்து நின்றார்கள்.