மூன்று ஃபியூஸ் கட்டைகள்

கம்பத்தில் ஏறுமுன் டிரான்ஸ்பார்மரின் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வது லைன்மேன் தணிகாசலத்தின் வழக்கம். அவர் இறங்காமல் யாரும் மின்சாரம் விட முடியாது. நேற்றும் அப்படித்தான் ஏறினார். கம்பத்திலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். இன்று மருத்துவமனையிலிருந்து உடலோடு வந்த துணிமூட்டையில் அந்தக் கட்டைகளும் இருந்தன. மனைவி பூங்காவனம் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் புடுங்கிட்டுத்தான சார் ஏறனாரு?" என்று கேட்டாள்.

"லைன் எல்லாம் ஒரே நெட்வொர்க்கும்மா," என்றார் துக்கத்துக்கு வந்திருந்த மின்வாரியப் பொறியாளர். "அந்தக் கோடியில கல்யாண மண்டபத்துல ஜெனரேட்டர் போட்டிருக்காங்க. அதோட கரண்ட் கம்பி வழியா இங்க வந்துடுச்சு."

"நெட்வொர்க்குன்னா?"

அவர் இரு கைவிரல்களையும் கோத்துக் காட்டினார். "ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கறது. எதுவும் தனியா இல்லம்மா."

அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கூச்சத்தோடு பிரித்துக்கொண்டார். "அந்தக் கட்டைங்களைக் குடுத்தீங்கன்னா... நேத்துலேர்ந்து நாலு தெருவுல கரண்ட் இல்ல."

"அவரு எறங்குனாத்தான் சார் குடுப்பாரு."

ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தவர் மெல்ல அருகே வந்தார். "பிளக்கு சொருகிட்டேன்க்கா. கரண்ட் வந்தாத்தான் பொட்டி ஓடும். வெயில் ஏறுது."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். சற்று நேரத்தில் நான்கு தெருப் பிள்ளைகளும், "கரண்ட் வந்துடுச்சு!" என்று ஓவெனக் கத்தினார்கள். கண்ணாடிக்குள் அவர் படுத்திருந்த பெட்டி உறுமத் தொடங்கியது.