இரட்டை முடிச்சு

மலையில் பனி இறங்குவதற்கு முன் அமலோற்பவம் பழைய சாக்குகளைத் தைத்துக் கோழிக்கூட்டைச் சுற்றிப் போர்த்தினாள். உள்ளே உமி பரப்பினாள். கிறிஸ்துமஸுக்கு அறுக்கும் கோழியைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் அவள் கணவர் சவரிராயன்தான். டிசம்பர் பிறந்ததும் அதன் காலில் சிவப்புத் துணி கட்டிவிடுவார். பிறகு யார் கெஞ்சினாலும் அவிழ்க்கமாட்டார். ஜூலையில் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார்.

“இந்த வருசம் எதையும் அறுக்க வேணாம்டி,” என்றாள் மகளிடம். கூட்டுக்குள் எல்லாக் கோழிகளும் வெறுங்காலோடு நின்றன.

“சரிம்மா. உன் கால்ல என்ன அது, செவப்பா?”

அமலோற்பவம் குனிந்து பார்த்தாள். அவருக்கு மட்டுமே போட வரும் இரட்டை முடிச்சு. சேலையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“குளிருக்குக் கட்டினேன்,” என்றாள்.