கோமு டீச்சர் கொடுத்த செடி

தொட்டியில் மண் இருந்தது. மண்ணில் பூனை பிறாண்டிய தடம் இருந்தது. செடி மட்டும் இல்லை.

ரேமண்ட் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

"மாமா, நேத்து மீன் கழுவுன தண்ணிய இதுலயா ஊத்துனீங்க?" என்றாள் மருமகள் அனிஷா.

"செடிக்கு நல்ல உரம்லா?"

"பூனைக்கும் நல்ல வாசம்லா!"

தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்ந்தவர் ரேமண்ட். போன வருசம் மனைவி இஞ்ஞாசியம்மாள் தவறியதும் மகன் பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்துவிட்டான். வந்த நாளிலிருந்து வாசல் கேட்டைத் தாண்டியதில்லை. டிவி ஓடும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் பக்கத்து வீட்டுக் கோமு டீச்சர் தொட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். தாவரவியல் எடுத்தவர். பென்சன் வாங்கியும் செடிப் பைத்தியம் விடவில்லை.

"அண்ணாச்சி, மக பிரசவத்துக்குப் பெங்களூர் போறேன். இத நீங்கதான் பாத்துக்கிடணும். ஆத்தங்கரையில முளைச்ச காட்டுச்செடி. கடுகுக் குடும்பம். லேசுல கண்ணுல ஆப்புடாது."

"பேரு என்ன டீச்சர்?"

"பூத்துக் காய்ச்சாத்தான் இன்னதுன்னு சொல்ல முடியும். பூ எள்ளு அளவுல, மஞ்சளா, நாலு இதழா, சிலுவை மாதிரி இருக்கும். இலையக் கடிச்சா கடுகுக் காரம் மூக்குல ஏறும்."

"நான் கடல்ல கிடந்தவன். செடியப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"தண்ணியப் பத்தித் தெரியும்லா? அது போதும்."

ரெண்டே இலை விட்டிருந்த அதைக் கைக்குழந்தை மாதிரி வெயிலுக்கும் நிழலுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கடைசியில் அவரே ஊற்றிய மீன் தண்ணியால் போயிற்று.

"உண்மையச் சொல்லிருங்க மாமா," என்றாள் அனிஷா.

"பிள்ள பெத்த வீட்டுக்குப் போன் போட்டு எழவு சொல்லச் சொல்லுதியா?"

பெங்களூரிலிருந்து கோமு டீச்சர் செடியின் போட்டோ கேட்டார். ரேமண்ட் முன்பு எடுத்த பழைய போட்டோவை அனுப்பினார். மறுபடி கேட்டபோதும் அதையே அனுப்பினார்.

"அண்ணாச்சி, அது வளரவே இல்லையே?"

"பனிக்காலம்லா டீச்சர்... பைய வரும்."

மறுநாள் விடிந்ததும் ரேமண்ட் கேட்டைத் திறந்தார். அனிஷா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்க, நேரே கொக்கிரகுளம் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

குனிந்து குனிந்து பார்த்தார். சந்தேகம் வந்தால் இலையைக் கிள்ளி மென்றார். ஒன்று கசந்தது. ஒன்று நாக்கை அரித்தது. ஒன்று வீட்டுக்கு ஓட வைத்தது.

குளிக்க வந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை.

"ஏலே, அங்கன பாரு, அண்ணாச்சி ஆடு கணக்கா மேயுதாரு!"

அவர்களில் இசக்கி என்பவர் கிட்டே வந்தார். "என்னத்தத் தேடுதீரு வே?"

"கடுகு."

"பலசரக்குக் கடை மேல ரோட்டுலலா இருக்கு?"

விஷயத்தைக் கேட்டதும் இசக்கியும் சேர்ந்து தேடினார். அப்புறம் இன்னும் ரெண்டு பேர். தேடி முடித்துக் குளியல், குளித்து முடித்து டீ, டீ குடித்து முடித்துப் பேச்சு. தினமும் இதே பாடு. வீடு திரும்பும் ரேமண்ட் தோசை கூடக் கேட்டார். டிவியை யாரும் போடவில்லை.

ஒருநாள் படித்துறைக்குக் கீழே, வெள்ளம் விட்டுப்போன சேற்றில், ஒரு சாண் உயரச் செடி. எள்ளளவு மஞ்சள் பூ. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நாலு இதழ். சிலுவை!

இலையைக் கடித்தார். காரம் மூக்கில் ஏறிக் கண்ணீர் வந்தது.

"மாதாவே!"

சேற்றோடு பெயர்த்து, துண்டில் பொதிந்து கொண்டுவந்து தொட்டியில் வைத்தார். பூனை வராமல் மேலே மீன்கூடையைக் கவிழ்த்தார்.

பொங்கல் கழித்துக் கோமு டீச்சர் வந்தார்.

"இந்தாங்க, நீங்க கொடுத்த செடி. ஒரு குறையும் இல்ல," என்றார் ரேமண்ட்.

டீச்சர் கண்ணாடியை மாட்டினார். லென்ஸை எடுத்தார். பூவைப் பார்த்தார். ஊசி மாதிரி நின்ற காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.



"அண்ணாச்சி, இது எங்கன கிடைச்சது?"

"எங்கன கிடைச்சதா? நீங்க கொடுத்ததுதான்."

"நெசமாவா?"

"மாதா சத்தியமா!"

உள்ளே அனிஷா அவசரமாக அவருக்கும் சேர்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கோமு டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்க ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை.

"பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க அண்ணாச்சி. நான் கொடுத்தது எங்க வீட்டு அஞ்சறைப்பெட்டிக் கடுகு! மனுசன் வெளியவே வராமக் கிடக்காரே, செடிக்குத் தண்ணி ஊத்தவாவது எந்திரிக்கட்டும்னு ரெண்டு கடுக மண்ணுல போட்டு முளைக்க வச்சேன்."

ரேமண்ட் தொட்டியைக் காட்டினார். "அப்போ... இது?"

"உங்ககிட்ட அடையாளம் சொன்னேன்லா, அந்தக் காட்டுச்செடி! இதத்தான் நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து அந்தக் கரையில தேடுதேன். ஒருநாளும் ஆப்புடல." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி லென்ஸைப் பூவருகே கொண்டுபோனார். "நான் வாயால முளைக்க வச்ச செடிய, நீங்க வேரோட கொண்டாந்துட்டீங்களே அண்ணாச்சி!"